அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி தண்டையார்பேட்டை வரை வருமா?

கேள்வி: ஐயா, நாங்கள் தண்டையார்பேட்டையில் சொந்த வீட்டில் இருக்கிறோம். மாமனார் கட்டிய வீடு. என் வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். ஒரு வருடமாக வேறொரு ஜெபக்கூட்டத்துக்குப் போய்வருகிறார். கடைசிக் காலத்தில் கிறிஸ்துவுக்கு விரோதியாக எழும்பும் அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி நெருங்கிவிட்டது, அவன் உலகம் முழுவதையும் ஆளுவான், பட்டணங்கள்தான் முதலில் அவன் கைக்குப் போகும், ஆதாரும் வங்கிக் கணக்கும் அவன் முத்திரைக்கு முன்னோட்டம் என்று அங்கே சொல்கிறார்களாம். வீட்டை விற்றுவிட்டு ஜவ்வாது மலைப்பக்கம் நிலம் வாங்கிப் போய்விடலாம் என்கிறார். மகனுக்கு 15 வயது முடிந்துவிட்டது. ஆதாரில் கைரேகையைப் புதுப்பிக்க விடமாட்டேன் என்கிறார். என் தம்பியோ, அவன் ஆட்சி இஸ்ரேல் பக்கத்தோடு சரி, இந்தியாவுக்கு வராது என்று யூடியூபில் பார்த்ததாகச் சொல்கிறான். எது சரி? வீட்டை விற்கலாமா?

பதில்: சகோதரி, வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விற்க வேண்டாம். அட்வான்ஸ் ஏதாவது வாங்கியிருந்தால், அடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். "பவர் கொடுத்துவிடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யார் வந்தாலும், ஜெபக்கூட்டத்து ஆளாகவே இருந்தாலும், கொடுக்காதீர்கள்.

இனி ஏன் என்று பார்ப்போம். உங்கள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்து, பைபிளைத் திறந்துவைத்துக்கொண்டு படியுங்கள். அவருடைய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வசனத்தை நம்புகிறவர் என்பதால்தான் அவருக்கு இந்தப் பயமே வந்திருக்கிறது. பதிலும் வசனத்திலிருந்துதான் வரவேண்டும்.

அந்திக்கிறிஸ்து என்ற பெயர் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் ஓரிடத்தில்கூட இல்லை. யோவானின் முதலாம், இரண்டாம் நிருபங்களில் மட்டும்தான் வருகிறது. அங்கேயும் அவன் வருவான் என்று கேள்விப்பட்டீர்களே என்று சொன்ன கையோடு, இப்பொழுதே அநேக அந்திக்கிறிஸ்துகள் இருக்கிறார்கள் என்கிறார் யோவான். நாம் "அவன் ஆட்சி" என்று பேசுவதெல்லாம் வேறு மூன்று இடங்களிலிருந்து வருகிறது: தானியேல் 7ஆம் அதிகாரத்துச் சின்னக் கொம்பு, பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய பாவமனுஷன், வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தில் சமுத்திரத்திலிருந்து எழும்பும் மிருகம். இவை மூன்றும் ஒரே ஆள்தான் என்று சேர்த்துப் படிப்பது பழைய வழக்கம்; இரண்டாம் நூற்றாண்டிலேயே இரேனியூஸ் அப்படித்தான் படித்தார். தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அவன் ஆட்சியின் எல்லையை ஒரே வசனத்தை வைத்து முடிவுகட்ட முடியாது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

ஜெபக்கூட்டத்தார் பிடித்துக்கொள்ளும் வசனம் வெளிப்படுத்தின விசேஷம் 13:7. ஒவ்வொரு கோத்திரத்தின்மேலும் பாஷைக்காரர்மேலும் ஜாதிகள்மேலும் (தேசங்கள்மேலும்) மிருகத்துக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது என்கிறது. 16ஆம் வசனம் சிறியோர், பெரியோர், ஐசுவரியவான், தரித்திரன், சுயாதீனன், அடிமை என்று ஒருவரையும் விடாமல் வலது கையிலாவது நெற்றியிலாவது மிருகத்தின் முத்திரை போடப்படும் என்கிறது. அடுத்த வசனம், முத்திரை இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் கூடாது என்கிறது. இதைப் படிக்கிற யாருக்கும் உலகம் முழுவதும் என்றுதான் தோன்றும். அப்படிப் படிப்பவர்கள் வசனத்தைத் திரிக்கிறார்கள் என்று உங்கள் தம்பி சொன்னால் அது நியாயமில்லை.

சரி, தம்பி பக்கம் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. தானியேல் 11ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 167இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய அந்தியோகஸ் எப்பிபானேஸைப் பற்றியதுதான் அந்த அதிகாரம் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். கடைசிப் பகுதி மட்டும் அந்திக்கிறிஸ்துவைக் குறிக்கிறது என்பது வருங்கால நிறைவேறுதலை எதிர்பார்க்கும் சபைகளின் போதனை. அந்தப் போதனைப்படியே படித்தாலும் 41ஆம் வசனத்தில் ஏதோமும் மோவாபும் அம்மோன் புத்திரரில் பிரதானமானவர்களும் அவன் கைக்குத் தப்புகிறார்கள். இன்றைய ஜோர்தான் நாட்டுப் பகுதி அது. இஸ்ரேலுக்கு அடுத்த வீடு! அடுத்த வீட்டையே முழுசாகப் பிடிக்க முடியாதவனை, கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வருகிற செய்திகள் கலங்கடிக்கின்றன என்கிறது 44ஆம் வசனம். எல்லா நாடும் அவன் பிடியில் இருந்தால் கலங்கவைக்கும் செய்தி எங்கிருந்து வரும்?

வெளிப்படுத்தின விசேஷத்துக்குள்ளேயே இன்னும் இருக்கிறது. 12ஆம் அதிகாரத்தில் வலுசர்ப்பத்துக்குத் தப்பி ஒரு ஸ்திரீ வனாந்தரத்துக்கு ஓடிப்போய் 1260 நாள் போஷிக்கப்படுகிறாள். 16ஆம் அதிகாரத்தில் உலகமெங்குமுள்ள ராஜாக்களை யுத்தத்துக்குக் கூட்டிச்சேர்க்க அசுத்த ஆவிகள் புறப்பட்டுப் போகின்றன. ஏற்கெனவே அடங்கிக் கிடப்பவர்களை ஏன் ஏவிவிட வேண்டும்? 17ஆம் அதிகாரத்தில் பத்து ராஜாக்கள் தங்கள் அதிகாரத்தை மிருகத்துக்குக் கொடுக்கிறார்கள். ஆக, அது ஒரே கொடியின் கீழ் வந்த ராஜ்யம் இல்லை, கூட்டணி. அதிலும் அவர்களுக்குக் கிடைப்பது ஒரு மணிநேர அதிகாரம்.

"உலகமெங்கும்" என்று பைபிள் சொல்லும்போது எவ்வளவு தூரம் என்பதையும் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸ் ஆராதனையில் வருடாவருடம் வாசிக்கிற லூக்கா 2ஆம் அதிகாரத்தில், உலகமெங்கும் குடிமதிப்பு எழுத அகுஸ்துராயன் கட்டளையிட்டான் என்று இருக்கிறது. அந்தக் கட்டளை ரோம ஆட்சி இருந்த இடங்களுக்குத்தான். அன்றைக்கு மதுரையில் பாண்டியன் குடிகளை எந்த ரோமனும் எண்ணவில்லை. தானியேல் 2ஆம் அதிகாரத்துச் சிலைக் கனவில் வெண்கலம் குறிக்கிற ராஜ்யம் பூமியையெல்லாம் ஆளும் என்று இருக்கிறது. கிரேக்கர்தான் அது என்று கொண்டால், அலெக்சாந்தரின் படை பஞ்சாபில் பியாஸ் ஆற்றங்கரையோடு திரும்பிப்போனது. நம் நாட்டைப் பேர் சொல்லியே எல்லை காட்டுகிற இடமும் பைபிளில் உண்டு. அகாஸ்வேரு ராஜா இந்துதேசம் முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகளை ஆண்டான் என்று எஸ்தர் புத்தகம் தொடங்குகிறது. அந்த இந்துதேசம்கூட சிந்து நதிப் பக்கம்தான். அந்திக்கிறிஸ்துவைப் பற்றிய பகுதிகளில் இப்படி எந்த எல்லைக்கோடும் இல்லை.

சபைகள் இதை வெவ்வேறாகப் படிப்பதும் உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் இப்போது கேட்பது, ஏழு வருட உபத்திரவ காலம், அதன் பிற்பாதியில் மூன்றரை வருடக் கொடூர ஆட்சி, அதற்கெல்லாம் முன்னால் சபை (விசுவாசிகள்) வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுதல் என்ற வரிசை. இந்த வரிசையை ஒழுங்குபடுத்திப் பரப்பியவர் 19ஆம் நூற்றாண்டில் பிரதரன் சபையைச் சேர்ந்த ஜான் நெல்சன் டார்பி. 1909இல் வந்த ஸ்கோஃபீல்ட் குறிப்புப் பைபிள் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. நம் ஊர்ப் பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் கேட்பதும் இதுதான். ராயபுரம் புனித பேதுரு ஆலயத்தில் பூசைக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். கிறிஸ்துவின் வருகைக்கு முன் திருச்சபை ஒரு கடைசிச் சோதனையைக் கடக்கும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி சொல்கிறது, வரைபடமோ வருடக் கணக்கோ தருவதில்லை. அட்வென்டிஸ்ட் சபையார் 1260 நாளை 1260 வருடமாக எடுத்து, 538 முதல் 1798 வரை என்று கணக்குச் சொல்வார்கள். மிருகம் ரோமச் சக்கரவர்த்தி நீரோதான், அந்தக் கதை முதல் நூற்றாண்டிலேயே நடந்தது என்று படிப்பவர்களும் உண்டு. "நேரோன் கேசர்" என்று எபிரெயத்தில் எழுதி, எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால், 13ஆம் அதிகாரம் மிருகத்தின் எண்ணாகச் சொல்கிற 666 வருகிறது.

என் கருத்து இது. அந்த ஆட்சியின் பிடி எங்கும் நீளும் என்று 13ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது; அந்தப் பிடி எங்கேயும் முழுமையாக இறுகாது என்று மற்றப் பகுதிகள் காட்டுகின்றன. அந்த அதிகாரத்தில் மிருகம் எதையும் தானாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு வாய் கொடுக்கப்பட்டது, யுத்தம்பண்ண அதிகாரம் கொடுக்கப்பட்டது, 42 மாதம் கொடுக்கப்பட்டது. கொடுக்கிறவர் எப்போது நிறுத்துவார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். யோவான் பத்மு தீவிலிருந்து எழுதியபோது, படிக்கப்போகிற ஏழு சபைகளுக்கும் ரோமின் கையை மீறி ஓட இடமில்லை. ஓடுங்கள் என்று அவர் எழுதவுமில்லை. பரிசுத்தவான்களின் பொறுமையும் விசுவாசமும் இதிலே விளங்கும் என்றுதான் எழுதினார்.

மலைக்கு ஓடச் சொல்லி வசனம் இருக்கிறதே என்பார் உங்கள் வீட்டுக்காரர். இருக்கிறது, மத்தேயு 24:16. யூதேயாவில் இருக்கிறவர்கள் மலைகளுக்கு ஓடிப்போகக்கடவர்கள். யாருக்கு என்று வசனமே ஊர்ப்பேரோடு சொல்கிறது. கி.பி. 70இல் எருசலேம் விழுவதற்கு முன் அங்கிருந்த கிறிஸ்தவர்கள் யோர்தானைக் கடந்து பெல்லா என்ற ஊருக்குத் தப்பிப்போனார்கள் என்று சபை வரலாறு எழுதிய யூசேபியஸ் குறித்திருக்கிறார். யூதேயாக்காரருக்குச் சொன்ன வழியை ஜவ்வாது மலைக்குத் திருப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை. உலகம் முழுவதும் அவன் ஆளுவான் என்று நம்பினால் மலையும் உலகத்துக்குள்தான் இருக்கிறது. ஒரு பகுதியோடு நிற்பான் என்று நம்பினால் தண்டையார்பேட்டையை விட்டுப் போகவே தேவையில்லை. சபை முன்னாலேயே எடுத்துக்கொள்ளப்படும் என்று நம்பினால், அவன் ஆட்சியில் ஒளிந்துகொள்ள நிலம் எதற்கு? எப்படிக் கணக்குப் போட்டாலும் வீட்டை விற்பது அதில் வராது.

இந்தப் பட்டணம் ஒருமுறை அப்படிக் காலியாகியும் இருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பீதியில் ஜனங்கள் மதராஸை விட்டுக் கூட்டங்கூட்டமாக ஓடினார்கள். வீட்டையும் சாமானையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனவர்கள் பலர். ஜப்பான் படை இங்கே இறங்கவே இல்லை. உங்கள் தெருவில் வயதானவர்கள் வீட்டில் கேட்டால் இந்தக் கதை இன்னும் கிடைக்கலாம்.

இனி முத்திரை. மகனின் படிப்பு இதில் மாட்டிக்கொண்டிருப்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

13ஆம் அதிகாரத்தில் முத்திரை தனியாக வருவதில்லை. 15ஆம் வசனத்தில் மிருகத்தின் சொரூபத்தை வணங்கச் சொல்கிறார்கள், வணங்காதவனைக் கொல்கிறார்கள். அதற்குப் பிறகுதான் முத்திரை. 14ஆம் அதிகாரத்தில் தேவதூதன் எச்சரிக்கும்போதும் மிருகத்தை வணங்கி முத்திரையைத் தரித்துக்கொள்கிறவன் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறான். இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. 666 என்று 13ஆம் அதிகாரம் முடிந்த அடுத்த வரியிலேயே, 14:1இல், ஆட்டுக்குட்டியானவராகிய கிறிஸ்துவோடு நிற்கிற 1,44,000 பேரின் நெற்றியில் பிதாவின் நாமம் எழுதியிருக்கிறது. அதிகாரம் மாறுகிறது என்று புத்தகத்தை மூடிவிடுவதால் இது நம் கண்ணில் படுவதில்லை. இரண்டு நெற்றிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாருக்குச் சொந்தம், யாரை வணங்குகிறாய் என்பதுதான் அங்கே கேள்வி.

இப்படி ஒன்று வரலாற்றில் நடந்தே இருக்கிறது. கி.பி. 250இல் டேசியஸ் என்ற ரோமச் சக்கரவர்த்தி, எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று கட்டளை போட்டான். அந்தச் சான்றிதழ்கள் எகிப்தில் பாப்பிரஸ் தாளில் இன்றும் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் ஒரு கிராமத்துப் பெரியவரின் விவரம் இருக்கிறது: வயது 72, வலது புருவத்தில் தழும்பு. நம் பள்ளிச் சான்றிதழில் எழுதுகிற அங்க அடையாளம் போலவேதான். அதற்குக் கீழே, நான் எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் கண்முன் பானபலி ஊற்றி, பலியிட்டு, படைத்ததை உண்டேன், இதற்குச் சான்று தரக் கேட்கிறேன் என்ற உறுதிமொழி. அன்றைய கிறிஸ்தவர்களுக்குப் பிரச்சினை தழும்பை எழுதியதில் இல்லை. கீழே இருந்த அந்த உறுதிமொழியில் இருந்தது. அந்தச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்ட கிறிஸ்தவர்களும் உண்டு. பிறகு அழுது திரும்பி வந்தபோது, கார்த்தேஜ் சபையின் பிஷப் சிப்ரியான் காலத்தில் மனந்திரும்புதலுக்குப் பின் அவர்களைச் சபை சேர்த்துக்கொண்டது.

இப்போது ஆதார் படிவத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி, கைரேகை, கருவிழி, புகைப்படம். வணங்கு என்று எந்த வரி சொல்கிறது? கிறிஸ்துவை மறுதலி என்று எந்தக் கட்டம் கேட்கிறது? தெரியாமல் கைவைத்து, தெரியாமல் ஆத்துமாவை இழந்துவிட்டேன் என்ற ஒரு நிலை வெளிப்படுத்தின விசேஷத்தில் கிடையாது. ரேஷன் கடையில் விரலை வைக்கிற ஒவ்வொரு முறையும் நடுங்குகிற பிள்ளைகளை வளர்ப்பது விசுவாசம் ஆகாது. அரசாங்கம் நம் தகவலை எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பது வேறு கேள்வி, நல்ல கேள்வி. உச்ச நீதிமன்றமே 2018 செப்டம்பர் 26ஆம் தேதித் தீர்ப்பில், வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. பான் எண்ணோடு இணைப்பதையும் நலத்திட்டங்களுக்குக் கேட்பதையும் அனுமதித்தது. அதைப் பற்றிக் குடிமகனாகப் பேசலாம், எதிர்க்கலாம். அதை மகனின் இரட்சிப்போடு முடிச்சுப் போட வேண்டாம்.

வீட்டுக்காரருக்கு நான் படிக்கச் சொல்கிற பகுதி எரேமியா 32ஆம் அதிகாரம். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றிக் கொத்தளம் போட்டிருக்கிறது. பட்டணம் விழப்போகிறது என்று எரேமியாவுக்கு நிச்சயமாகத் தெரியும். அதைச் சொன்னதற்காகத்தான் அவரைக் காவலில் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். கர்த்தர் வாங்கச் சொல்கிறார். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார் எரேமியா. பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளைக் கையெழுத்துப் போட வைத்து, முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று என்று இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, அநேக நாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்பது கர்த்தரின் வாக்கு. முடிவு வருவது உறுதியாகத் தெரிந்த ஒரு தீர்க்கதரிசி அன்றைக்கு நிலம் வாங்கினார்.

பவுலையும் விட்டுவிடாதீர்கள். பாவமனுஷனைப் பற்றி விவரமாக எழுதிய அதே நிருபத்தில், 2 தெசலோனிக்கேயர் 3ஆம் அதிகாரத்தில், வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்கிறார். கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்ற பேச்சில் அந்தச் சபை கலங்கிப்போயிருந்தது; சிலர் வேலையை விட்டுவிட்டு வீண் அலுவல் பார்த்துக்கொண்டு திரிந்தார்கள். அமைதலோடே வேலைசெய்து சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள் என்பதுதான் பவுலின் புத்திமதி. உங்கள் வீட்டுக்காரர் காசிமேட்டில் இன்ஜினைப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பதே அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவதுதான் என்று அவரிடம் சொல்லுங்கள்.

வீட்டு விற்பனைப் பணத்தில் ஒரு பங்கை ஊழியத்துக்கு என்று ஏற்கெனவே பேச்சு வந்திருந்தால், அப்போஸ்தலர் 5:4ஐக் காட்டுங்கள். விற்குமுன் அது உன்னுடையதாயிருக்கவில்லையா, விற்றபின்பும் அது உன் வசத்தில் இருக்கவில்லையா என்று, நிலத்தை விற்ற அனனியாவிடம் கேட்டவர் பேதுரு. காணிக்கை மனசாரக் கொடுப்பது. பயத்தைக் காட்டி வாங்கினால் அது காணிக்கை இல்லை.

செய்யவேண்டியவை சில இருக்கின்றன. வீடு மாமனார் பெயரிலேயே இருந்தால், மற்ற வாரிசுகள் யார், வாரிசுச் சான்றிதழ் எடுத்தாயிற்றா என்று பாருங்கள். எல்லா வாரிசுகளின் சம்மதமும் இல்லாமல் முழு வீட்டையும் அவர் ஒருவராக விற்க முடியாது. மூலப்பத்திரத்தைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், நகல் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். வங்கிக் கணக்கை மூடினால் இப்போதைக்கு நஷ்டம் உங்களுக்குத்தான். மகனின் உதவித்தொகை வருகிற கணக்காக இருந்தால் கண்டிப்பாக மூடாதீர்கள். அந்த ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவரை உங்கள் வீட்டுக்கே அழைத்து, பழைய சபைப் போதகரையும் கூப்பிட்டு, இரண்டு பேரையும் உட்காரவைத்து தானியேல் 11:41க்கும் 44க்கும் விளக்கம் கேளுங்கள். கோபப்படாமல் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள்.

மகனின் கைரேகைப் புதுப்பிப்புக்கு அப்பா சம்மதிக்கும்வரை காத்திருந்து தேர்வு விண்ணப்ப நேரத்தில் தவிக்க வேண்டாம். 15 வயதில் கைரேகை, கருவிழி, புகைப்படம் மூன்றையும் புதுப்பிக்கவேண்டும் என்பது விதி. அவரோடு உட்கார்ந்து மேலே சொன்ன வசனங்களை ஒருமுறை படித்துவிட்டு, இந்த மாதமே ஆதார் மையத்துக்கு மூன்று பேருமாகப் போய்வாருங்கள். படிவத்தை அவரே நிரப்பட்டும்.